நன்றி என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

உறையூர்வாசி, வெள்ளி இரவு 10.20

என் மகள் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். கோடை விடுமுறைக்கு வந்த அவளுடைய அத்தை, வேர்டில் விளையாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஐந்து கட்டங்களில் ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டுமே, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டதே, அதுதான். எழுத்தும் இடமும் சரியென்றால் கட்டம் பச்சை. எழுத்து சரி, இடம் தவறு என்றால் மஞ்சள். "இதைத் தமிழில் விளையாட முடியாதா அப்பா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த எளிய சொற்களை வைத்து நானே செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பகலில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. இரண்டு வருடமாக இரவில் பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்று வருகிறேன். ஒரு வார உழைப்பில் விளையாட்டு ஓடத் தொடங்கியது. முதல் சொல்லாக 'நன்றி' கொடுத்தேன். திரையில் ஐந்து கட்டங்கள் வந்தன. அவள் விரல் மடக்கி ந, ன், றி என்று எண்ணிவிட்டு, "மூன்றுதானே?" என்றாள். அடுத்து 'படகு' கொடுத்தேன். நான்கு கட்டம் வந்தது. அவள் கணக்கில் மூன்று. 'அம்மா'வுக்கு ஐந்து கட்டம், 'ஆடு'வுக்கு மூன்று. நான் கொடுத்தவற்றில் 'பல' என்ற ஒரு சொல்லுக்குத்தான் கணினியும் அவளும் ஒரே எண்ணைச் சொன்னார்கள்.

அவள் சரியாக எண்ணுகிறாள், கணினிதான் தவறாக எண்ணுகிறது. "கணினிக்கு அப்படித்தான், நீ மாற்றிக்கொள்" என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


நிரல்வழி, வெள்ளி இரவு 10.51

நண்பரே, பைத்தான் எழுத்தை எண்ணவில்லை, குறியீட்டை எண்ணுகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதியில் மொத்தம் 128 இடங்கள். அதில் 'றி' என்று ஓர் இடம் கிடையாது. 'ற' ஓர் இடம், இகரக் கொக்கி ஓர் இடம், புள்ளி ஓர் இடம். அதனால் 'நன்றி' என்பது ந, ன, புள்ளி, ற, கொக்கி என்று ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது.

தீர்வு எளியது. ஓர் அடிப்படை எழுத்தையும் அதனோடு ஒட்டி வரும் குறிகளையும் ஒரே கொத்தாகக் கொள்வதற்கு யூனிகோடிலேயே விதி இருக்கிறது. ஸ்விஃப்ட் மொழி இயல்பாகவே கொத்துகளைத்தான் எண்ணும். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கென்று தனிக் கருவி உண்டு. பைத்தானில் ஓப்பன்-தமிழ் என்ற இலவச நூலகத்தை நிறுவிக்கொள்ளுங்கள், ஒரு சொல்லைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தந்துவிடும். பத்து நிமிட வேலை.

கொத்து விதியை மட்டும் நம்பினால் ஓர் இடத்தில் இடறும். 'லக்ஷ்மி' என்ற சொல்லில் க்ஷ் ஒரே எழுத்தாகத் தெரிந்தாலும், அந்த விதி அதை க், ஷ் என்று இரண்டாகப் பிரித்துவிடும். நான்காம் வகுப்புச் சொற்களில் க்ஷ வராது என்று நினைக்கிறேன்.


வகுப்பறை, சனி காலை 6.35

தேனிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து விரல் மடக்க நாங்கள் மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறோம். அதைத் திரையில் தெரிகிற எண்ணுக்காக அவள் மாற்றிக்கொள்ளக் கூடாது.

நிரல்வழி அவர்கள் சொன்ன கணக்கு எனக்கு வேறொரு புதிரை விடுவித்தது. பெற்றோருக்கு அனுப்பும் எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரே செய்தியாகப் போகும், தமிழில் 70 வந்ததும் அடுத்த செய்தியாகிவிடும். "நாளை பள்ளிக்கு விடுமுறை" என்று சும்மா எண்ணிப் பார்த்தேன். இடைவெளிகளையும் சேர்த்து என் கணக்கில் 13, குறியீட்டுக் கணக்கில் 23. எழுபதில் மூன்றில் ஒரு பங்கு அந்த மூன்று சொல்லுக்கே போய்விடுகிறது. காரணத்தையும் நாளை மறுநாள் உண்டா என்பதையும் எப்படிச் சுருக்கி எழுதுவது என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து சொல் சொல்லாக வெட்டிக்கொண்டிருப்போம்.


பழைய அச்சகம், சனி காலை 9.10

சிவகாசியில் முப்பது ஆண்டுகள் கணினி அச்சுக்கோப்பில் இருந்தவன் நான். பத்து நிமிட வேலை என்று நிரல்வழி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிட வேலையைத் தமிழில் நிரல் எழுதும் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறதே, அது ஏன் என்று கேட்க வேண்டாமா?

நம் இலக்கணத்தில் க் என்பதுதான் அடிப்படை. க் என்ற மெய்யோடு அ என்ற உயிர் சேர்ந்தால் க. யூனிகோடில் இது தலைகீழ். அங்கே க அடிப்படை, அதன் மேல் புள்ளி வைத்து அகரத்தை நீக்கினால் க். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வார்ப்பில் 1988இல் இஸ்கி என்ற குறியீடு வகுக்கப்பட்டது. தேவநாகரிக்குப் பொருந்துகிற வார்ப்பு அது. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது அதையே எடுத்துக்கொண்டார்கள். நாகரியில் க என்ற வடிவத்துக்குள் அகரம் குடியிருக்கிறது, கூட்டெழுத்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நமக்கு 247 எழுத்து, புள்ளி வைத்த தனி மெய், கூட்டெழுத்தே இல்லாத சுத்தமான வரிசை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருந்தால் இந்தக் குழந்தையின் கேள்வியே எழுந்திருக்காது.

அப்படிக் கொடுக்கும் டேஸ்16 என்ற குறியீட்டைத் தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. அதில் ஓர் எழுத்து என்றால் ஓர் எண். எண்ணலாம், அகர வரிசைப்படுத்தலாம், மெய்யையும் உயிரையும் கணக்குப் போட்டே பிரிக்கலாம்.


நிரல்வழி, சனி காலை 9.48

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்க முடியவில்லை. டேஸ்16 யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பகுதியை உலகில் யார் வேண்டுமானாலும் தம் விருப்பப்படி பயன்படுத்தலாம். என் கைபேசியில் எழுதியதை உங்கள் கைபேசி படிக்க வேண்டுமென்றால் இருவரிடமும் ஒரே எழுத்துரு இருந்தாக வேண்டும். சிவகாசியில் தட்டச்சு செய்த கோப்பைச் சென்னையில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே திரும்பிப் போக வேண்டுமா?


பழைய அச்சகம், சனி காலை 10.30

பார்த்திருக்கிறேன் தம்பி. நீங்கள் சொல்வதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் ஒரு குறியீடு வைத்திருந்தது. இணையத்தில் டிஸ்கி, அரசுத் தரப்பில் டாம், டாப். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம்99 மாநாடு நடந்தபோதுதான் விசைப்பலகைக்காவது ஒரு பொது வடிவம் கிடைத்தது. ஒரு முறை நாலு பக்கத் திருமண மலருக்கான கோப்பை வாடிக்கையாளர் குறுந்தகட்டில் கொண்டுவந்தார். எங்களிடம் அந்த எழுத்துரு இல்லை. திருமணம் மறுநாள். அவர் காகிதத்தைப் பார்த்து வாசிக்க வாசிக்க, விடிய விடிய மறுபடியும் முழுவதையும் தட்டச்சு செய்தேன்.

அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யூனிகோடு வந்த பிறகுதான் என் பேத்தி அமெரிக்காவிலிருந்து எழுதுவதை நான் அப்படியே படிக்கிறேன். ஆனால் நம் எழுத்தை வகுத்தபோது நம் இலக்கணத்தைக் கேட்கவில்லை என்ற வருத்தம் போகவில்லை. அதை வருத்தம் என்றே பதிவு செய்ய விரும்புகிறேன்.


அசைசீர், சனி பிற்பகல் 3.15

எனக்கு இந்த இழையில் வேறொரு மகிழ்ச்சி கிடைத்தது. 'நன்றி'யில் எத்தனை எழுத்து என்ற கேள்விக்குத் தமிழே ஒரே விடை சொல்வதில்லை.

குழந்தை சொன்ன மூன்று, 247 எழுத்து அடங்கிய நெடுங்கணக்கின் விடை. கட்டளைக் கலித்துறை என்ற பா வகையில் எழுதுகிறவரைக் கேட்டால் இரண்டு என்பார், ஏனென்றால் அங்கே ஒற்றை எண்ணுவதில்லை. நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு என்று எண்ணும்போது மெய்யைத் தள்ளிவிட்டுத்தான் எண்ணுவார்கள். தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது என்றார், உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும். அந்த வழியில் பிரித்தால் ந், அ, ன், ற், இ என்று ஐந்து. கணினி சொன்னதும் ஐந்துதான். பழைய அச்சகம் ஐயா வருந்த வேண்டியதில்லை, கணினி தொல்காப்பியர் வழியில்தான் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.


வகுப்பறை, சனி பிற்பகல் 4.02

ஐயா, மன்னிக்கவும். அந்த ஐந்தும் இந்த ஐந்தும் தற்செயலாக ஒத்துப்போனவை. உறையூர்வாசி கொடுத்த 'படகு'வை எடுத்துக்கொள்ளுங்கள். ப், அ, ட், அ, க், உ. ஒலியாகப் பிரித்தால் ஆறு. கணினி நான்கு என்றது. 'அன்னம்' என்றால் ஒலி ஐந்து, குறியீடு ஆறு. ஒரு சொல்லில் கூடுகிறது, ஒரு சொல்லில் குறைகிறது. ப, ட ஆகியவற்றுக்குள் இருக்கும் அகரத்தைக் கணினி எண்ணுவதில்லை, புள்ளியை மட்டும் எண்ணுகிறது. அதனால் அது தொல்காப்பியர் வழியும் ஆகாது, நெடுங்கணக்கு வழியும் ஆகாது.


அசைசீர், சனி பிற்பகல் 4.20

சரியான திருத்தம். படகை எண்ணிப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.


மூன்றாம் வரிசை, சனி மாலை 6.44

ஒரு நூலகத்தின் உறுப்பினர் படிவத்தை இணையத்தில் நிரப்பியபோது எனக்கு நடந்தது. பெயர்க் கட்டத்தில் "15 எழுத்துகளுக்கு மிகாமல்" என்று இருந்தது. என் பெயர் எழுத்துக்கு எழுத்து மீனாட்சிசுந்தரம் அளவுக்கு நீளமானது. மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். ஒன்பது எழுத்து. படிவம் ஏற்கவே இல்லை, சிவப்பு எழுத்தில் "நீளம் அதிகம்" என்று வந்துகொண்டே இருந்தது. குறியீடாக எண்ணினால் பதினாறு வருகிறது என்று இன்று இங்கே படித்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குக் கடைசி எழுத்தை வெட்டிவிட்டுப் பதிவு செய்தேன். என் அட்டையில் இன்றும் மகரமெய் இல்லாத பெயர்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை அட்டையை நீட்டும்போதும் மனம் சுருங்குகிறது.

தமிழ் தெரிந்தவர்கள் செய்த தமிழ்ப் படிவம் அது. குறியீட்டை வகுத்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.


உறையூர்வாசி, ஞாயிறு காலை 11.05

எல்லோருக்கும் நன்றி. ஓப்பன்-தமிழ் நிறுவினேன், 'நன்றி' மூன்று கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. மகள் கைதட்டினாள். ஆனால் விளையாடத் தொடங்கியதும் அடுத்த சிக்கல். இரண்டு நாளாகியும் அவளால் ஒரு சொல்லைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் 26 எழுத்துக்குள் தேடினால் போதும். இங்கே 247. ஆறு முயற்சியில் எங்கே பிடிப்பது? கட்டங்கள் எல்லாம் சாம்பல் நிறமாகவே வருகின்றன. நேற்று இரவு அழுதுவிட்டாள்.


வகுப்பறை, ஞாயிறு நண்பகல் 12.10

மூன்றாவதாக ஒரு நிறம் சேருங்கள். மெய் சரி, உயிர் வேறு என்றால் நீலம்.

ஒளிந்திருக்கும் சொல் 'படகு', அவள் முதலில் 'பாடம்' என்று போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ட பச்சை. ம் சாம்பல். பா நீலம். அப்போது அவளுக்கு என்ன தெரிகிறது? முதல் எழுத்து பகர வரிசையில் ஏதோ ஒன்று. ப, பி, பீ, பு என்று சுவரில் தொங்கும் அட்டையில் அந்த வரிசையில் விரலை ஓட்டுவாள். உயிர்மெய் என்பது இரண்டு சேர்ந்து ஒன்றானது என்பதை எத்தனையோ பாடம் நடத்திப் புரியவைக்கப் பார்க்கிறோம், இந்த நீலக் கட்டம் ஒரு வாரத்தில் புரியவைத்துவிடும்.

கட்டங்களை மூன்று, நான்கோடு நிறுத்துங்கள். ஐந்து அவள் வயதுக்கு அதிகம்.


நிரல்வழி, ஞாயிறு நண்பகல் 12.41

அருமையான யோசனை. இதைச் செய்ய ஒவ்வோர் எழுத்தையும் மெய், உயிர் என்று பிரிக்க வேண்டும், அதற்கும் அந்த நூலகத்தில் வழி இருக்கிறது. பழைய அச்சகம் ஐயா சொன்ன இலக்கணப் பிரிப்பு இங்கேதான் தேவைப்படுகிறது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். சேமிப்பதற்கு யூனிகோடு, சிந்திப்பதற்கு மெய்யும் உயிரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

திரையில் விசைப்பலகையும் வரைவீர்கள் அல்லவா? 247 விசை வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. 31 விசை போதும். தமிழ்99 விசைப்பலகை அப்படித்தான் அமைந்தது, இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். அதில் 'நன்றி' அடிக்க ந, ன, ற, இ என்று நான்கே தட்டு. ன-வை அடுத்து ற வந்தால் புள்ளி தானாக விழும்.


பழைய அச்சகம், ஞாயிறு மாலை 5.00

தம்பி ஒப்புக்கொண்டதில் மகிழ்ச்சி. அந்தப் புள்ளி தானாக விழும் விதி தமிழ் ஒலியைக் கவனித்தவர்கள் செய்தது. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற, அதோடு க்க, ப்ப போன்ற இரட்டிப்பு. நாளெல்லாம் தட்டச்சு செய்த விரல்களுக்கு அதன் அருமை தெரியும்.


உறையூர்வாசி, செவ்வாய் இரவு 9.30

நீலம் வந்துவிட்டது. நேற்று அவள் நான்காம் முயற்சியில் 'குருவி' கண்டுபிடித்தாள். முதலில் 'கரடி' போட்டாள், கவும் ரவும் நீலம். "அப்பா, க்-கும் ர்-ரும் இருக்கிறது, உயிர்தான் வேறு" என்று தானாகச் சொன்னாள். சொல்லிக்கொடுக்காமலேயே சொன்னாள் என்பதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று என் தம்பி மகனுக்காக ஐந்து கட்டம் ஒன்று செய்யலாம் என்று, இணையத்தில் கிடைத்த ஒரு சொற்பட்டியலிலிருந்து ஐந்தெழுத்துச் சொற்களைப் பிரித்தேன். 'கௌரவம்' வந்தது. 'ஔடதம்' வந்தது. எண்ணினால் இரண்டுமே நான்குதானே? நிரல் ஐந்து என்கிறது. மூன்று மணி நேரமாகத் தேடுகிறேன், பிழை எங்கே என்று தெரியவில்லை.


பழைய அச்சகம், செவ்வாய் இரவு 10.05

பிழை உங்கள் நிரலில் இல்லை, தட்டச்சு செய்தவர் கையில். ஔகாரத்தின் வலப்பக்கச் சிறகும் ளகரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அதனால் ஔ என்ற ஓர் எழுத்தை அடிக்காமல் ஒ, ள என்று இரண்டு எழுத்தை அடித்துவிடுவார்கள். கௌ-வுக்குக் கெ, ள. உங்கள் பட்டியலில் இருப்பவை 'ஒளடதம்', 'கெளரவம்'. காகிதத்தில் வித்தியாசம் தெரியாது, அதனால் அச்சகத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும் பல்லாயிரம் முறை அப்படி அடித்திருக்கிறேன். அந்தப் பக்கங்களில் சில இன்று இணையத்தில் ஏறியிருக்கும். ஔவையாரைச் சரியாக எழுதித் தேடுகிறவருக்கு என் பக்கம் அகப்படாமல் போகலாம் என்று நினைக்கும்போது கஷ்டமாக இருக்கிறது.


உறையூர்வாசி, செவ்வாய் இரவு 11.20

ஐயா, உங்களால்தான் இன்று தூங்கப் போகிறேன். பட்டியல் முழுவதும் ஒற்றைக்கொம்பை அடுத்து ள வந்தால் ஔகாரக் குறியாக மாற்றிவிட்டேன். ஒ-வை அடுத்து ள வந்தாலும் அப்படியே. கௌரவம் 4, ஔடதம் 4, மௌனம் 3. புதிய பதிப்பை ஏற்றிவிட்டேன், விளையாடிப் பார்த்துச் சொல்லுங்கள்.


நெய்தல், புதன் காலை 7.15

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உங்கள் விளையாட்டில் 'கெளுத்தி' என்று போட்டேன், அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது. பட்டியலைத் திறந்து பார்த்தால் 'கௌ'வுக்குப் பக்கத்தில் உகரக் குறி ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறது. 'வெள்ளி', 'தெளிவு', 'ஒளி' எல்லாமே உடைந்து கிடக்கின்றன. நேற்றைய மாற்றம் உண்மையான ளகரத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டது.


நிரல்வழி, புதன் காலை 8.02

நல்ல வேளை பார்த்தீர்கள். உறையூர்வாசி, ள-வுக்கு அடுத்து வருவதையும் பாருங்கள். அங்கே புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ளகரம், தொடாதீர்கள். கெளுத்தியில் உகரம் இருக்கிறது, வெள்ளியில் புள்ளி இருக்கிறது, ஒளியில் இகரம் இருக்கிறது. எதுவும் இல்லாமல் வெறும் ள நின்றால் மட்டும் மாற்றுங்கள். அப்படி மாறியவற்றைத் தனியாக எடுத்து ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள், விதியை மட்டும் நம்ப வேண்டாம்.


உறையூர்வாசி, புதன் இரவு 10.40

பழைய பட்டியலிலிருந்து மறுபடி தொடங்கினேன். மாறியவை 61 சொற்கள். நானும் மகளும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தோம். நான் படிக்க, அவள் விரல் மடக்கினாள். 'வௌவால்' மட்டும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் புத்தகத்தில் 'வவ்வால்' என்று இருக்கிறதாம், அதனால் இரண்டையும் ஏற்கும்படி வைத்துவிட்டேன். இரண்டு வடிவத்துக்கும் எண்ணிக்கை வேறு என்று அவளே கண்டுபிடித்தாள். ஒன்று மூன்று, ஒன்று நான்கு.


நெய்தல், வியாழன் காலை 6.50

இப்போது கெளுத்தி சரியாக விழுகிறது, நான்கு கட்டம். வெள்ளி, தெளிவு, ஒளி மூன்றையும் போட்டுப் பார்த்தேன், நன்றாக இருக்கின்றன. மீன் பெயர்கள் பட்டியலில் மிகவும் குறைவு. அயிலை மூன்று, நெத்திலி நான்கு, சாளை இரண்டு. சென்னைப் பக்கம் வஞ்சிரம் என்பதை நாங்கள் சீலா என்போம், அதையும் சேருங்கள், அதுவும் இரண்டு. வஞ்சிரம் ஐந்து, உங்கள் தம்பி மகனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விரல் மடக்கி எண்ணிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.